பேர் தெரிந்த தண்ணீர்

தண்ணீர் திரும்பி வந்தது ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை, ஏழு மணி வாக்கில். நம்புகிறவன் நம்பட்டும். நம்பாதவன் எங்கள் ஊருக்கு வந்து வீட்டுச் சுவர்களில் இருக்கும் பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும். சத்தியம் பண்ணி நிரூபிக்கிற வயசு எனக்கு இல்லை.

ஊர் பேர் கோரைத்திட்டு. உப்பனாறு கடலில் விழுகிற இடத்துக்கு இரண்டு மைல் மேற்கே. ஆற்றங்கரை பூராவும் இறால் குட்டைகள், நாற்பத்திரண்டு. அத்தனைக்கும் சேர்த்து ஒரே வடிகால், வடிகால் வாயில் ஒரே மதகு, மதகுக்கு ஒரே ஆள். அது நான். ராசாங்கம் என்று பேர். ஊரில் 'மதகு' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் நன்றாக வற்றும். அந்த வத்தத்தில் மதகைத் திறந்து குட்டைகளின் அழுக்குத் தண்ணீரை உப்பனாற்றில் விடுவேன். ஆறு மணி நேரம் கழித்துக் கடல் ஏறி ஏத்தம் வரும்போது அதே உப்பனாற்றில் எஞ்சினை வைத்து உறிஞ்சிக் குட்டையை நிரப்புவார்கள். நிரப்பிவிட்டு, "தண்ணி மாத்தியாச்சு" என்பார்கள். எதை மாற்றினார்கள்? ஒருத்தன் கழித்ததை இன்னொருத்தன் எடுத்துக்கொண்டான். இருபத்திரண்டு வருஷம் இதைத்தான் செய்தோம். இறால் தின்றது போக மிஞ்சிய தீவனம், இறாலின் பீ, மருந்து, பிளீச்சிங் பவுடர், அடியில் தங்கிய கறுப்புச் சேறு, எல்லாம் அந்த மதகு வழியாகத்தான் போயின. யாராவது வாயைத் திறந்தால் எல்லாருக்கும் ஒரே பதில் இருந்தது.

"கடல் கொண்டுபோயிரும்."

கடல் கொண்டுபோகவில்லை என்பது தவமணிக்குத் தெரியும். தவமணி என் மனைவியின் தங்கை. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. தவமணிக்கும் ஆள் துணை கிடையாது. உப்பனாறு வற்றும்போது இடுப்பில் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து மட்டிச் சிப்பி பொறுக்குவாள். ஒரு காலத்தில் ஒரு வத்தத்துக்கு மூன்று பறி எடுத்தவள், பிறகு ஒன்று, பிறகு அரை, கடைசியில் வாய் பிளந்த வெறும் ஓடு. ஊருக்குக் கிழக்கே மணல்மேட்டில் முப்பது வீட்டுக் காலனி. அதில் கடைசி வீடு அவளுடையது, பத்தடிக்குப் பத்தடி, ஒரே அறை. ஆனால் அவள் வாசலில் ஓர் ஊற்று இருந்தது. மணலில் ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டிய குழி. சுற்றிலும் உப்பாக இருக்க அது மட்டும் இளநீர் மாதிரி இருக்கும். முப்பது வீடும் அதைத்தான் குடித்தது. இந்தக் கதையில் அந்த ஊற்றை மறந்துவிடக் கூடாது.

ஆடி அமாவாசைக்கு நான் விட்ட தண்ணீர் முகத்துவாரம் வரைக்கும் போயிருக்கும். அங்கே கடலுக்கும் அதற்கும் என்ன பேச்சு நடந்ததோ தெரியாது. மறுநாள் காலை அது வீடு திரும்பியது. மதகைத் தாண்டி, வடிகாலைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, ரேஷன் கடை வாசலில் ஒரு சொட்டும் சிந்தாமல், முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று, தீவனத் தூளும் இறால் உரித்துப்போட்ட சட்டையும் நுரையுமாக, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி வழியிலேயே ஆளாளுக்குப் பிரிந்து, அவரவர் வீட்டைத் தேடிப் போய் நுழைந்தது. குட்டை வைத்திருந்தவன் வீட்டுக்குள் மட்டும்தான். ஒரே சுவர், இந்தப் பக்கம் குட்டைக்காரன், அந்தப் பக்கம் தையல்காரன். தையல்காரன் வீட்டில் ஈரம்கூட இல்லை. வாளியில் மோந்து தெருவில் ஊற்றினால் தெருவில் ஒரு வட்டம் போட்டுவிட்டு உள்ளே திரும்பி வந்தது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். மோட்டார்தான் புகைந்தது.

முதல் நாள் அலறினார்கள். இரண்டாம் நாள் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தார்கள். மூன்றாம் நாள் பிரிட்ஜும் கிரைண்டரும் பெஞ்சுக்கு மேல் ஏறின. ஒரு வாரத்தில் பெண்கள் சேலையை மடித்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நடந்து, தோசை வார்த்து, பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டார்கள். அதிகாரிகள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். ஒருவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கிப் பார்த்தார்.

"மழை பெஞ்சுதா?"

"இல்லீங்க."

"ஆறு உடைஞ்சுதா?"

"இல்லீங்க. இது எங்க தண்ணிங்க. நாங்க விட்டதுதான், திரும்பி வந்திருக்கு."

"சொந்தத் தண்ணின்னா வெள்ள நிவாரணத்துல சேராதே," என்றார் அவர். ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆவணி பிறந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வந்த தண்ணீர் பெருமையாகிவிட்டது. குட்டை எத்தனையோ தண்ணீர் அத்தனை உயரம். ஒரு குட்டைக்காரன் வீட்டில் கணுக்கால், மூன்று குட்டைக்காரன் வீட்டில் முழங்கால். கல்யாணத் தரகர் சீமைச்சாமி பெண் வீட்டில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை வீடு முழங்காலுக்கு மேல, நல்ல இடம்," என்றார். "கணுக்கால்ல கொடுத்துட்டு நாளைக்கு எங்க பொண்ணு சிரமப்படக் கூடாது பாருங்க," என்றாள் பெண்ணின் அம்மா. குட்டையே இல்லாத இரண்டு பேர் உப்பனாற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து தங்கள் வீட்டுக்குள் ஊற்றினார்கள்; அது அவர்களை நாயளவுக்குக்கூட மதிக்காமல் வாசல் வழியே ஓடிப்போயிற்று. அவர்கள் பேர் அந்தத் தண்ணீருக்குத் தெரியாது.

இறால் பண்ணைச் சங்கத் தலைவர் குணபாலனுக்குப் பதினோரு குட்டை. அவர் வீட்டில் இடுப்பளவு. மாடி வீடு, சலவைக்கல் தரை. வரவேற்பறையில் உயர்த்திக் கட்டிய ஊஞ்சலில் கால் இரண்டையும் தண்ணீருக்குள் விட்டபடி ஆடிக்கொண்டே வந்தவர்களிடம் பேசுவார். "பதினோரு குட்டைன்னா சும்மாவா?" என்பார். தண்ணீருக்கடியில் சலவைக்கல்லே தெரியாது. என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்குள் காலை விட்டுக்கொண்டு ஒரு மனுஷன் சிரித்தான். அதையும் பார்த்தேன்.

இதில் ஒருத்தனாவது, இந்தத் தண்ணியை ஏன் இப்படி ஆக்கினோம் என்று கேட்டானா? கேட்கவில்லை. சதுர மீட்டருக்கு அறுபது குஞ்சு விட்டார்கள், மூச்சுவிட இடமில்லாமல். மூச்சுக்குக் காற்றேற்றும் ஏரேட்டரைச் சுற்றவிட்டார்கள். ஏழை வீட்டில் குழம்பு வைக்கிற சாளை மீனையும் காரப்பொடி மீனையும் அரைத்துத் தீவனமாகக் கொட்டினார்கள், அதிலும் கால்வாசி சேற்றுக்குப் போயிற்று. ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் என்னை அனுப்பி மதகைத் திறக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலை அது திரும்பி வந்து வீட்டில் ஒரு விரற்கடை ஏறியது. திறந்துகொண்டே இருந்தார்கள். நானும்தான்.

ஐப்பசியில் வீடுகள் நாற ஆரம்பித்தன. அழுகின முட்டை வாடை. வெள்ளிக் கொலுசெல்லாம் கறுத்தது. குணபாலன் மனைவி சொர்ணம் தன் வெள்ளிக் குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்தாள், அடுப்புக்கரி மாதிரி இருந்தது. அதை ஊஞ்சலில் அவர் மடியில் வைத்தாள்.

"உங்க தண்ணியோட நீங்களே குடும்பம் நடத்துங்க," என்று சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அப்போதுதான் குணபாலன் யோசித்தார். என்ன யோசித்தார்? குட்டையைக் கழுவவா, குஞ்சைக் குறைக்கவா? பேரை மாற்ற யோசித்தார்.

"தண்ணி பேரைப் பார்த்துத்தான்யா வருது, ராசாங்கம். பேரு வேற ஆளுதா இருந்தா அங்க போயிரும்." ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். "உன் கொழுந்தியா இருக்காள்ல, மட்டி பொறுக்குறவ. மட்டி போனதுக்கு உதவித்தொகைன்னு சொல்லு. சங்கத்துல வந்து சாட்சிக்கு முன்னாடி சத்தமா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது, கேட்காமல் இருப்பது, திறக்கச் சொன்னால் திறப்பது, இதுதான் என் தொழில். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

கார்த்திகைப் பௌர்ணமி அன்று காலை தவமணி சங்கத்துக்கு வந்தாள். எட்டாவது வரை படித்தவள். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கணீரென்று படித்தாள்: "இப்பதினோரு குட்டைகளும் அவற்றின் நீரும் என்னுடையவை." படித்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன மாமா, உதவித்தொகைன்னீங்க, முதலாளியாவே ஆக்கிட்டீங்க?"

"சும்மா ஒரு வார்த்தைக்கு எழுதியிருப்பாங்க. போடு," என்றேன் நான்.

போட்டாள். மதியம் வத்தத்தில் நான் போய் மதகைத் திறந்தேன்.

மறுநாள் காலை குணபாலன் வீட்டிலிருந்து தண்ணீர் கிளம்பியது. மாடிப்படிக்கடியில் இருந்தது, பூஜை அறையில் இருந்தது, பீரோவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது, ஒரு சொட்டு பாக்கியில்லாமல் வாசல் தாண்டித் தெருவில் இறங்கி, ஆற்றிலிருந்து வந்த புதுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு, காலனிக்குப் போகும் மணல் பாதையில் கிழக்கே நடந்தது. தண்ணீருக்கு நம் சூதெல்லாம் தெரியாது. சொன்னால் நம்பும். தவமணி வீட்டை அடைந்ததும் சிமெண்ட் ஓட்டுக் கூரையைத் தூக்கி, உடையாமல், வேலி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே இறங்கியது. பத்தடிக்குப் பத்தடி அறையில் பதினோரு குட்டைத் தண்ணீர் எப்படிக் கொள்ளும்? சுவரை விட்டு வெளியே சிந்துகிற வழக்கமும் அதற்கு இல்லை. மேலே ஏறியது. சுவர் உயரம் தாண்டி, தென்னை உயரம் தாண்டி, செல்போன் கோபுரத்தில் பாதி உயரத்துக்குச் சதுரமாக, பச்சையாக எழும்பி நின்றது. உள்ளே அவள் பாய் சுழன்றது, சோற்றுப்பானை சுழன்றது, அவள் அக்காளோடு சின்ன வயசில் எடுத்த போட்டோ ஒன்று கண்ணாடிச் சட்டத்தோடு மேலும் கீழும் போய்வந்தது.

தவமணி அப்போது ஊற்றடியில் இருந்தாள். தண்ணீர் ஊற்றுக்கு வரவில்லை, தொடவும் இல்லை. ஆனால் அத்தனை பாரம் பக்கத்தில் உட்கார்ந்தால் மணல் என்ன செய்யும்? அடியில் கிடந்த உப்பைப் பிதுக்கி ஊற்றுக்குள் தள்ளிவிட்டது. அவள் குடத்தில் மோந்ததை வாயில் வைத்துத் துப்பினாள். உப்பு. முப்பது வீட்டின் தண்ணீரும் அன்றைக்கு முடிந்தது.

மதகடிக்கு நடந்தே வந்தாள்.

"மாமா, அந்தப் பேப்பர்ல என்ன இருந்துச்சு?"

"நீதானே படிச்ச."

"நான் படிச்சேன். யாரை நம்பிப் படிச்சேன்?"

நான் மதகுச் சக்கரத்துக்கு மசகு போடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"எங்கக்கா இருந்திருந்தா இந்தச் சக்கரத்துலயே உங்க கையைக் கட்டிப் போட்டிருப்பா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலனியும் பழகிக்கொண்டது. மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான். அந்தத் தண்ணீர்த் தூணின் நிழலில் துணி காயவில்லை என்று ஒரு சண்டை, அதே நிழலில் வெயிலுக்கு யார் ஒதுங்குவது என்று இன்னொரு சண்டை. தூண் உச்சியில் கொக்குகள் வந்து நின்றன. கண்டக்டர், "தண்ணித்தூண் எல்லாம் இறங்கு" என்று கூவ ஆரம்பித்தார். பெண்கள் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் போய் வந்தார்கள். தவமணி பக்கத்து வீட்டு வராந்தாவில் படுத்துக்கொண்டாள். தினமும் விடிந்ததும் ஊற்றில் ஒரு கை அள்ளி வாயில் வைப்பாள். துப்புவாள்.

மார்கழியில் குணபாலனின் குட்டைகளில் அறுவடை. ஐஸ் வண்டிகள் மூன்று வந்து கரையில் நின்றன. கம்பெனி ஆள் ஒருவர் தராசோடு வந்திருந்தார். இறால் பிடிக்க வேண்டுமானால் குட்டையை வடிக்க வேண்டும், வடிக்க மதகு திறக்க வேண்டும். மதகின் மேல் தவமணி உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் பறி, கையில் காகிதம். பின்னால் காலனிப் பெண்கள், காலிக் குடங்களோடு.

"எந்திரிம்மா," என்றார் குணபாலன். "இறால் செத்துப்போயிரும். ஏற்கனவே ரெண்டு குட்டையில வெள்ளைப் புள்ளி நோய் தெரியுது."

"முதலாளி நானு. என்னைக் கேக்காம என் தண்ணியை எவன் திறக்குறது?"

"இறால் என்னுது. தண்ணிதான் உன்னுது."

"அப்படியா? நல்லது. இறாலை எடுத்துக்க. என் தண்ணி ஒரு சொட்டு ஒட்டாம எடு."

பெண்கள் சிரித்தார்கள். ஐஸ் வண்டி டிரைவரும் சிரித்துவிட்டார். குணபாலன் என் பக்கம் திரும்பினார். "யோவ் ராசாங்கம், வேடிக்கை பாக்கவாய்யா உன்னை வெச்சிருக்கு? திற!"

என் கை சக்கரத்தில்தான் இருந்தது. எத்தனையோ தடவை சுற்றின சக்கரம். அன்றைக்கு அது சுற்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் நான்தான் சுற்றவில்லை.

"முதலாளி சொல்லட்டும்," என்றேன்.

கம்பெனி ஆள் பொறுமை இழந்தார். "இந்தப் பாருங்க, ஐஸ் கரையுது. பண்ணை யாருது? ஒரு ஆள் 'என்னுது'ன்னு சொல்லுங்க, அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். இல்லாட்டி வண்டியைத் திருப்புறேன்."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமியது. குணபாலன் வண்டியைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார், தவமணியைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"என்னுதுய்யா! பதினொன்னும் என்னுது! எல்லாம் என்னுது!"

மணல்மேட்டில் நின்ற தூண் அசைந்தது. ரொம்ப நேரம் குத்தவைத்திருந்த ஆள் எழுந்திருக்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அவள் பாயையும் பானையையும் போட்டோவையும் இறக்கி வைத்து, கூரையை எடுத்து மூடிவிட்டு, கொக்குகள் கலையக் கலைய மேற்கே நடந்தது. கரையில் நின்ற எங்களைக் கடந்துதான் போயிற்று. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. குணபாலன் வீட்டுக்குள் நுழைந்து கீழ்வீட்டை உத்திரம் வரை நிரப்பி, மாடிப்படியில் ஏறி, மேல்வீட்டுக் கட்டிலைத் தூக்கியது.

அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்ன செய்யணும் சொல்லு," என்றார்.

"மதகுப் பக்கத்துல இருக்குற மூணு குட்டையில இறால் கிடையாது," என்றாள் தவமணி. "முதல் குட்டை சும்மா நிக்கும், சேறு அடியில தங்கட்டும். அடுத்ததுல மட்டியும் மடவை மீனும் விடுவேன், கயித்துல ஆளிச் சிப்பி கட்டித் தொங்கவிடுவேன். இதுங்க தின்னே தண்ணியைத் தெளிய வெச்சிரும். மூணாவது குட்டைக் கரையில கண்டல் செடி வெப்பேன். எல்லாத்தையும் தாண்டி வர்ற தண்ணியில முக்கால்வாசி உன் குட்டைக்கே திரும்பப் போகும். மிச்சத்தைத்தான் ஆத்துல விடலாம். குஞ்சு அறுபது கிடையாது, இருபது. மூணு குட்டையில விளையுறது காலனிக்கு."

"மூணு குட்டையும் போச்சுன்னா எனக்கு என்ன மிஞ்சும்?"

"வீடு மிஞ்சும்."

அன்றைய இறாலை மதகு திறக்காமல் வலை போட்டு இழுத்தே பிடித்தார்கள். பாதிதான் வண்டி ஏறியது. மட்டியும் மடவையும் வேலையைக் காட்ட மூன்று மாதம் ஆயிற்று. குணபாலனைப் பார்த்து ஒன்பது பேர் அதே மாதிரி செய்தார்கள். மீதிப் பேர் இன்னும் முழங்கால் பெருமையோடுதான் இருக்கிறார்கள், கொலுசுக்குப் பதில் பிளாஸ்டிக் போட்டுக்கொண்டு. அவர்களுக்கு நான் மதகு திறப்பதில்லை. அவர்களே திறந்துகொள்கிறார்கள், மறுநாள் அவர்களே வாங்கிக்கொள்கிறார்கள். பங்குனிப் பௌர்ணமிக்குத் தவமணியின் மூன்று குட்டைகளைத் தாண்டி வந்த தண்ணீரை மட்டும் திறந்தேன். அது உப்பனாற்றில் இறங்கிப் போயிற்று. மறுநாள் திரும்பவில்லை. மாடி வீட்டில் தேங்கியதும் படிப்படியாக அந்த மூன்று குட்டை வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது. சொர்ணம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வாடை இருக்கு," என்று திரும்பிப் போனாள்.

ஊற்று மட்டும் திரும்பவில்லை. பாரம் போய், கூரை வந்து, எல்லாம் சரியான பிறகும் உப்பாகவே கிடந்தது. தவமணி தினமும் ஒரு கை அள்ளுவாள், துப்புவாள். முப்பது வீட்டுக் குடமும் தினமும் மூன்று மைல் போகும். ஊரார் மழை வந்தால் சரியாகும் என்றார்கள். மழை வந்தது. சரியாகவில்லை.

எனக்குத் தெரியும், என்ன பாக்கி என்று. நாலு மாசமாகத் தெரியும்.

சித்திரை முதல் வாரம் ஒரு காலையில் போனேன். பெண்கள் குடத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஊற்றுக்கு முன்னால் நின்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எனக்குக் குட்டை கிடையாது. ஆனா திறந்தது நானு. இருபத்திரண்டு வருசம் திறந்தேன். பேப்பரைக் கொண்டாந்ததும் நான்தான். இதுல என்னுதும் இருக்கு."

தவமணி பறியைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இதைச் சொல்ல இத்தனை நாளா மாமா?"

ஊற்றிலிருந்து ஒரு கயிறு பருமனுக்குப் பச்சைத் தண்ணீர் எழும்பியது. மணலில் இறங்கி என்னைத் தாண்டிக்கொண்டு, வழி தெரிந்த மாதிரி எனக்கு முன்னால் நடந்தது. நான் வீடு வந்து சேர்ந்தபோது உள்ளே கணுக்கால் அளவுக்கு நின்றது. கூலிக்குத் திறந்தவனுக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது. ஆனால் நாற்றத்தில் குறைவில்லை.

மறுநாள் தவமணி ஊற்றில் ஒரு கை அள்ளினாள், வாயில் வைத்தாள், விழுங்கினாள் என்று காலனியில் சொன்னார்கள். நான் பார்க்கப் போகவில்லை.

அன்று சாயங்காலம் என் வாசலில் அரைப் பறி மட்டி இருந்தது, உயிரோடு. அவள் தெருவில் போய்க்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

"உள்ள விடுங்க! குழம்பு வெச்சுத் தின்னுடாதீங்க!"

விட்டேன். கட்டிலுக்கடியில் போய்த் தங்கிக்கொண்டன. தினமும் காலையில் காலைக் கீழே இறக்கும்போது பாதத்தைத் தேடுகிறேன். பச்சைக்குள் அது இருக்கிற இடமே தெரியாது.

இன்று காலை கட்டைவிரல் தெரிந்தது. மற்ற விரல்களுக்கு நாள் இருக்கிறது.